மேடையில் கிடைத்த நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதால் வந்த பெயரல்ல, உயரத்தால் வந்தது. அவளைவிட மூத்தவர்களும் பெரியக்கா என்றார்கள். மேற்பார்வையாளர்கூட கோபம் இல்லாத நேரங்களில் அப்படித்தான் கூப்பிட்டார். கட்சி அவளை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தி, சுவரொட்டியில் அவளுடைய முழுப்பெயரை அச்சடித்தபோது, "யாருடி இது, பாக்க நம்ம பெரியக்கா மாதிரியே இருக்கு?" என்று கூட வேலை செய்கிறவர்களே கேட்டார்கள்.

கட்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு நகல்கடை. அதன் உள்ளறைதான் அந்தத் தொகுதியில் கட்சியின் தலைமையகம். கடைக்காரர்தான் செயலாளர். நகல் அண்ணன் என்பார்கள். முன்பக்கம் ஊர்ப் பிள்ளைகளின் சான்றிதழ்களை நகலெடுப்பார், பின்பக்கம் முதலாளித்துவத்தை ஒழிக்கத் தீர்மானம் போடுவார். இரண்டுக்கும் ஒரே மேஜை. பெரியக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "உங்க கட்சி மொத்தத்தையும் என் பஸ்ஸுல ஏத்தினாலும் பாதி சீட்டு காலியாத்தான் கெடக்கும்" என்று கேலி பேசுவார். பேசிவிட்டு, சுவரொட்டி ஒட்டுவதற்குப் பசை காய்ச்சிக் கொடுப்பதும் அவர்தான்.

அதுவரை ஒவ்வொரு தேர்தலிலும் நகல் அண்ணன்தான் நின்றார், ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றார். அதில் அவருக்கு ஒரு பழக்கமே வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, குரல் காற்றாகிப் போயிருந்தது. பெரியக்காவை உட்காரவைத்து, அந்தக் காற்றுக் குரலிலேயே விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு மேடையில பேச வராதுண்ணே."

"பேசத் தெரிஞ்சவங்க கையிலதானே இத்தன வருஷமா நாடு இருக்கு. லட்சணத்தப் பாத்தியா?"

"என்னப் போய் எதுக்கு?"

"நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்ன பாரு. அதுக்கு."

அது நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சலவைக்கூடத்தில் உருளை இஸ்திரி என்று ஒரு பெரிய இயந்திரம் உண்டு. நீராவியில் கொதிக்கும் இரண்டு உருளைகள். ஈரப் படுக்கைவிரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். விரல் லேசாகப் பட்டாலே போதும், இயந்திரம் நின்றுவிடும். விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால்கூட அந்தக் கம்பி நிறுத்திவிடும் என்பதால், வேலை தாமதமாகிறது என்று, ஆஸ்பத்திரிச் சலவையை எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் கழற்றி, அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். பிறகு ஒரு மத்தியானம், பெரியக்கா பிடித்திருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த சிட்டுவின் கை உள்ளே போய்விட்டது.

சிட்டு என்பதும் கூடத்தில் வைத்த பெயர்தான். ஆள் சின்னவள், வாய் ஓயாது. உருளை நிறுத்தப்படுவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துவிட்டது. கை பிழைத்தது. ஆனால் தோல் உருகி உறைந்த மெழுகு போலாகிவிட்டது, இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஒப்பந்தக்காரர் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி, நேரில் பார்த்த சாட்சியாகப் பெரியக்காவிடம் கையெழுத்துக் கேட்டார். "கம்பி இருந்திருந்தா நிறுத்தியிருக்கும். அத எழுதுங்க, போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சிட்டு வேலைக்குத் திரும்பியபோது வாய் நின்றிருந்தது. மடிக்கும் மேஜையில் போட்டார்கள். அந்தக் கூடத்தின் வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டு, கையை மூடியே வைத்திருந்தாள். வீட்டில் புருஷன்கூட விளக்கைப் போட்டு அந்தக் கையைப் பார்த்ததில்லை என்று பெரியக்காவிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள் தேநீர் இடைவேளையில், துணிவண்டிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள்.

"நூலகச் சங்கத்துக்காரங்க எல்லா வேட்பாளரையும் கூப்பிட்டுக் கூட்டம் போடறாங்களாமே. அமைச்சரம்மாவும் வருவாங்களா?"

"வருவாங்க. அவங்க தொகுதியாச்சே."

அந்தத் தொகுதியில் ஜெயித்து உட்கார்ந்திருந்தவர் சுகாதார அமைச்சர். ஆஸ்பத்திரிச் சலவையை வெளியாருக்கு ஒப்பந்தம் விட்டதே அவர்தான்.

"அப்ப கேளு பெரியக்கா. கம்பியக் கழட்டினவன் மேல ஒண்ணுமில்ல, கை போனவ மேல கவனக்குறைவா? இத அந்தம்மா முகத்தப் பாத்துக் கேளு. நான் முன்னால உக்காந்திருப்பேன். நீ 'எழுந்திரு சிட்டு'ன்னு சொல்லு, நான் எழுந்து கையக் காட்டறேன்."

"அத்தன பேர் முன்னாலயா?"

"ஒரு தடவதானே. காட்டிடறேன்."

பெரியக்கா வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கேள்வியைப் பேசிப் பேசிப் பழகினாள். பாத்திரம் கழுவும்போது பழகினாள். கணவர் சாப்பாட்டு மேஜையில் அமைச்சராக உட்கார்ந்து, "அப்படியா, அது என் கவனத்துக்கு வரலையே" என்று இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். "வரலைன்னா இப்ப வரட்டும்" என்று இவள் சொல்ல, "இது நல்லாருக்கு, இதையே சொல்லு" என்றார்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பெரிய கட்சி வேட்பாளர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள். பெரியக்காவையும், பூங்காக்களுக்காகவே ஒரு கட்சி நடத்தும் ஓய்வுபெற்ற தபால்காரரையும் மேடைக்குக் கீழே ஓரமாக மடக்கு நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். அவர்கள் முறை வரும்போது ஒலிவாங்கியை இறக்கிக் கொடுப்பார்களாம். பெரியக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. கோபம் நன்றாகச் சூடேறி இருந்தது. மூன்றாம் வரிசையில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அந்தக் கையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். சிட்டு அசையவில்லை. நேராகப் பெரியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமைச்சரம்மா கடைசியாகத்தான் வந்தார். படியேறப் போனவர், பெரியக்காவைப் பார்த்து நின்றார்.

"இவங்க ஏன் கீழ உக்காந்திருக்காங்க?"

சங்கத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"அவங்களும் வேட்பாளர்தானே. என் பக்கத்துல ஒரு நாற்காலி போடுங்க. வாங்கக்கா."

கையைப் பிடித்தே மேலே கூட்டிப்போனார். தபால்காரரை யாரும் கூப்பிடவில்லை. மண்டபம் கைதட்டியது. மெத்தை நாற்காலி ஒன்று எங்கிருந்தோ வந்தது. பெரியக்கா அதில் உட்கார்ந்தபோது, அது அவள் உடம்பை வாங்கிக்கொண்ட விதமே வேறாக இருந்தது. அமைச்சரம்மா தன் கையாலேயே குவளையில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். சொந்தத் தங்கைகூட அவளுக்கு அப்படி ஊற்றிக் கொடுத்ததில்லை. பிறகு ஒலிவாங்கியில் பேசும்போது, மற்றக் கட்சிக்காரர்களையெல்லாம் ஒரு வாங்கு வாங்கிவிட்டு, திடீரென்று பெரியக்காவின் வலதுகையை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"நான் காய்ச்சலோட நம்ம ஆஸ்பத்திரியில கிடந்தேன். என்மேல போர்த்தின துணியத் துவைச்ச கை இது. அரசியல்ல இவங்க எனக்கு எதிரி. ஆனா இந்தக் கைக்கு முன்னால நான் தலை குனியறேன்."

கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது. பெரியக்காவுக்கு உச்சி குளிர்ந்து போனது. இத்தனை வருஷம் தரைக்குக் கீழே, சன்னல் இல்லாத கூடத்தில், சோப்பு நெடியில் கிடந்தவள். மேலே வார்டில் யாராவது அவளைப் பார்த்தால், தப்பான மாடிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து வழி காட்டுவார்கள். இப்போது ஒரு மண்டபம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தது. எழுந்தாள். பழகிய வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. பக்கத்தில் அமைச்சரம்மா தாடையைக் கையில் தாங்கி, வீட்டுப் பெண் முதல்முறை பாடப்போவதைப் பார்ப்பது போல ஆசையாகப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்பது, சாப்பிட்ட தட்டில் துப்புவது மாதிரி இருந்தது அவளுக்கு.

"எல்லாருக்கும் வணக்கம். அமைச்சரம்மா எனக்கு நாற்காலி போட்டாங்க. எங்கள மாதிரி ஆளுங்கள யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவங்க பாத்தாங்க. அவங்களுக்கு என் நன்றி."

மறுபடியும் கைதட்டல். இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. வாய் தானாகவே போனது. சலவைக்கூடத்தில் எவ்வளவு துணி வருகிறது, குளிர்காலத்தில் எவ்வளவு கூடுகிறது, ஒருமுறை விரிப்புக்குள் யாரோ பல்செட்டை விட்டுவிட்டதும் அது இயந்திரத்துக்குள் ஓடிக் கடகடவென்று சத்தம் போட்டதும் எல்லாம் சொன்னாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அமைச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதோ இந்தச் சிரிப்பு அடங்கியதும் கேட்டுவிடலாம் என்று அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதற்குள் நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். "எல்லாரும் யோசிச்சு ஓட்டுப் போடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். சிட்டு தலையைக் குனிந்து, சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். மடங்காத விரல்களால் பொத்தானைப் போட முடியவில்லை. கொஞ்ச நேரம் முயன்றாள். பிறகு பொத்தானைப் போடாமலே, துணியை இறுக்கிப் பிடித்தபடி எழுந்து, வரிசையில் எல்லோருடைய முழங்கால்களையும் தாண்டி வெளியே போனாள். அந்த நேரம் பார்த்து அமைச்சரம்மா அவள் தோளில் கையைப் போட்டு, "இங்க பாருங்கக்கா" என்றார். படம் பிடிக்கிறவர் எதிரே நின்றார். பெரியக்கா சிரித்தாள். அதுதான் அவளால் பின்னால் தாங்கவே முடியாமல் போனது. சிரித்தாள்.

கணவர் வேலை முடிந்து சீருடையோடு வந்து, மண்டபத்தின் பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது, "நல்லாத்தான் பேசின" என்றார்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க."

"எதுக்குத் திட்டணும்? பல்செட்டு கதைக்கு நானும்தான் சிரிச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பொண்ணு என்னத் தாண்டித்தான் போச்சு. கதவத் தொறந்து விட்டேன். தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனால், அவள் வாசலில் நுழைவதற்கு முன்பே மேற்பார்வையாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். "பிரமாதம் பெரியக்கா! கம்பெனி மானத்தக் காப்பாத்திட்டீங்க. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்." அன்றைக்கு அவளுக்கு உருளைப் பக்கம் வேலை இல்லை, குழந்தைகள் வார்டின் சின்னத் துணிகளை எண்ணி அடுக்கும் லேசான வேலை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சிட்டு தன்னை வேறு வேளைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் யாரும் பெரியக்காவை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் அவள் வந்தால் பேச்சு வேறு திசைக்குப் போனது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வீடு ஒரு துண்டறிக்கை வந்தது. அமைச்சரம்மாவின் கட்சி அச்சடித்தது. நல்ல வழவழப்பான தாள். அமைச்சரம்மா பெரியக்காவின் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார், பெரியக்காவும் சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: "எங்களைத் திரும்பிப் பார்த்தவர் இவர்தான் — தொழிலாளர் வேட்பாளரே சொல்கிறார்!" தெருவில் போனால் ஆட்கள் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு கையாட்டினார்கள். சுவரொட்டியைப் பார்த்து ஒருவரும் தெரிந்துகொள்ளாதவளை, எதிராளியின் தாளைப் பார்த்து ஊரே தெரிந்துகொண்டது. அவள் கடைக்குப் போவதை விட்டாள். கணவரை அனுப்பினாள்.

நகல்கடைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போய் நின்றாள். நகல் அண்ணன் யாருக்கோ கல்யாணப் பத்திரிகையை நகலெடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என் பேர எடுத்துடுங்கண்ணே. நான் விலகிக்கறேன்."

"ஓட்டுச் சீட்டு அடிச்சாச்சு. இனிமே நீ செத்தாக்கூட உன் பேரு இருக்கும்."

"அப்ப கட்சிய விட்டு நீக்குங்க."

"நீக்கிட்டு? உன் இடத்துல இந்த மெஷின நிறுத்தவா?" சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். "எனக்கும் கேட்டதும் மனசு விட்டுப் போச்சு. இல்லேன்னு சொல்லல. அந்தக் கம்பி விஷயத்தக் கேக்கத்தான் உன்ன நிறுத்தினோம். ஓட்டுக்கா நிறுத்தினோம்?"

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வானொலியில சின்னக் கட்சிகளுக்கும் கொஞ்ச நேரம் குடுக்கறாங்க. நம்ம முறை வருது. நீதான் போகணும். என் குரலு வெளிய கேக்காது."

பேசுவதற்கு முன்னால் சிட்டுவைப் பார்க்காமல் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் போனாள். ஒரே மாதிரியான கதவுகள் வரிசையாக இருந்த ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடி. சிட்டுவின் புருஷன் கதவைத் திறந்து, "உள்ள வாங்கக்கா" என்று மரியாதையாகத்தான் சொன்னான். சிட்டு சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கெட்ட கையால் அழுத்திப் பிடித்து, நல்ல கையால். நிமிரவில்லை.

"உக்காரு."

பெரியக்கா உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு, அந்தச் சமையலறையில் எடுத்து வைக்க இடமில்லாமல் கையிலேயே நின்றது.

"சிட்டு, நான் பண்ணது..."

"எனக்கு உன் மேல கோபம்னு நெனைக்காத. கோபம் வந்திருந்தா அங்கயே கத்தியிருப்பேன். அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரி இருந்தாளே, என் கையப் பாத்துட்டுப் பைய எடுத்து அந்தப் பக்கம் வச்சா. பரவால்ல, இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கே தெரியும் பாரு இது ஏன் இப்படி இருக்குன்னு, அப்படின்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியவே இல்ல."

சிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"வானொலியில பேசப் போறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். உன் பேரச் சொல்லாம, உன் கைய..."

"என் கைய விடு." அப்போதுதான் சிட்டு நிமிர்ந்தாள். "அத ஒரு தடவ குடுத்தேன். நீ எடுத்துக்கல. இனிமே அது என்னோடது. நீ பேசணும்னா உன்னப் பத்திப் பேசு."

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதுவும் மரியாதைதான்.

வானொலி நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள். எதிரே முகம் இல்லை, கைதட்ட ஆள் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. சிட்டுவின் கையைச் சொல்லாமல் எதைச் சொல்வது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆகவே தன்னைப் பற்றியே சொன்னாள். தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உருளை இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவள் என்றாள். அதன் முன்னால் இருந்த கம்பியைக் கழற்றிவிட்டார்கள், அது இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் கிடக்கிறது என்றாள். கழற்றிய அன்று நானும் பேசாமல்தான் இருந்தேன், ஏனென்றால் வேலை சீக்கிரம் முடிந்தது என்றாள். இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. அமைச்சரம்மாவிடம் இதைக் கேட்கத்தான் மண்டபத்துக்குப் போனேன் என்றாள். "அவங்க எனக்கு நாற்காலி போட்டாங்க, தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. அதனால நான் கேக்கல. துண்டுத்தாள்ல நான் சிரிக்கறது அதுக்குத்தான்." பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டாள். மிச்ச நேரம் வெறும் மூச்சுச் சத்தமாகவே ஒலிபரப்பானது. நிலையத்துப் பெண் உள்ளே வந்து, "முடிஞ்சுதுங்க, எழுந்துக்கலாம்" என்று மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாளே லேசான வேலை போனது. அவளை அழுக்குப் பிரிக்கும் அறையில் போட்டார்கள். வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் வேறு மலம் வேறு என்று ஒதுக்கும் இடம். முழங்கை வரை ரப்பர் கையுறை, முகத்தில் மூடி, மேலே பிளாஸ்டிக் அங்கி. நாற்றம் தலைமுடியில் ஏறி வீட்டுக்கும் வந்தது. பெரியக்காவுக்கு அது ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த அறையில் யாரும் அவளைப் பார்த்துக் கையாட்டவில்லை.

வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது சலவைக்கூடம் திடீரென்று பளபளவென்று துலக்கப்பட்டது. கம்பி அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, உருளைக்கு முன்னால் தன் இடத்தில் ஏறியது. அதற்குப் புதுச் சாயம்கூட அடித்தார்கள். அமைச்சரம்மா படம் பிடிக்கிறவர்களோடு வந்தார். ஒரு தொழிலாளச் சகோதரியின் குரலைக் கேட்டு உடனே நடவடிக்கை எடுத்ததாக உருளைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். கம்பியைத் தொட்டுக் காட்டினார், இயந்திரம் நின்றது, எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது அழுக்கறையின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அமைச்சரம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். பெரியக்கா ஒரு மூட்டையைப் பிரித்துப் போட்டபடி நின்றாள். பார்வை அவள்மேல் பட்டு, ஒரு தூணைக் கடப்பது போலக் கடந்து போனது. அடையாளமே தெரியவில்லை. பெரியக்கா கையுறையோடு முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். ஒரு பொண்ணு கை வெந்தது அவளோட கவனக்குறைவுன்னு எழுதி வச்சிருக்காங்க. கம்பிய மாட்டிட்டீங்க. அத எப்ப மாத்தறீங்க?"

உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் பாதி கேட்டிருக்காது. அமைச்சரம்மா கைக்குட்டையை எடுக்காமலே தலையசைத்தார். "கண்டிப்பாப் பாக்கறேன்மா" என்றார். இரண்டு அடி தள்ளிப் போய், கூட வந்த மேற்பார்வையாளரிடம் "யாரு அது?" என்று கேட்டது பெரியக்காவின் காதில் விழுந்தது. படம் பிடிக்கிறவர்கள் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். மூட்டைகளைத் தவிர அங்கே யாரும் இல்லை. வாக்கியம் என்னவோ கண்ணாடி முன்னால் பழகியதுபோலவே தெளிவாக வந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு இன்னும் கூசியது.

தேர்தல் முடிவு எல்லோரும் எதிர்பார்த்தபடிதான். அமைச்சரம்மா அமோகமாக ஜெயித்தார். கட்சிக்கு நகல் அண்ணன் நின்றபோது விழுந்ததைவிடக் குறைவாக விழுந்தது. பூங்காக் கட்சித் தபால்காரர்கூட அவளுக்கு மேலே இருந்தார். "கூட்டத்துல உன்னப் பாத்து மனசு மாறினவங்க அந்தம்மாவுக்குப் போட்டுட்டாங்க. வானொலியக் கேட்டு மனசு மாறினவங்க யாருக்கும் போடல" என்று கணவர் சொன்னார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை. சிட்டுவின் பேரில் எழுதியது எழுதியபடியே இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நகல்கடையின் உள்ளறையில் கூட்டம். கூட்டம் என்றால் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கெட்டில் தேநீர் போதுமானதாக இருந்தது. பெரியக்கா மூலையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி, இனி எந்தப் பொறுப்பும் தனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தில் கடை மணி அடித்தது. நகல் அண்ணன் எழுந்து போனார். திரும்பி வரும்போது பின்னால் சிட்டு வந்தாள். அதே முழுக்கைச் சட்டை.

யாரையும் பார்க்காமல் நகல் அண்ணனிடம் கேட்டாள். "அடுத்து எப்ப தேர்தல் வரும்?"

"நகரசபைக்கு அடுத்த வருஷம் வரும்மா. ஏன்?"

"அதுல நிக்கணும்னா என்ன செய்யணும்?"

நகல் அண்ணன் வாயைத் திறந்தார், வழக்கம்போலக் குரல் வரவில்லை, பெஞ்சைக் காட்டினார். காலியாக இருந்தது பெரியக்காவுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான். பெரியக்கா சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். சிட்டு வந்து உட்கார்ந்தாள். தோள் படவில்லை.

"அழுக்கறையில அந்தம்மாகிட்ட கேட்டியாமே" என்றாள், முன்னால் பார்த்தபடியே.

"கேட்டேன்."

"யாரும் இல்லாதப்ப."

"ஆமா."

"நான் நின்னா எல்லாரும் இருக்கறப்பவே கேப்பேன்."

"கேப்ப" என்றாள் பெரியக்கா. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. கெட்டிலில் மிச்சம் இருந்த தேநீரை ஒரு குவளையில் ஊற்றி சிட்டு பக்கம் நகர்த்தப் போனாள். மேடையில் தன் பக்கம் நகர்ந்து வந்த தண்ணீர்க் குவளை நினைவுக்கு வர, பாதியில் கை நின்றுவிட்டது. குவளையை மேஜை நடுவில் வைத்தாள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று.